தொட்டிக்குள் ஒரு மரம்

ஆலமரம் என்றதும் விழுதுகள் ஊன்றிப் பரந்து நிற்கும் பெருமரமே நினைவுக்கு வரும். அதே ஆல் இனத்து மரம் ஒன்றை ஒரு முழ உயரத்தில், தொட்டிக்குள் வளர்க்கவும் முடியும். இக்கலையே ‘போன்சாய்’. ஜப்பானிய மொழியில் ‘போன்’ என்பது ஆழமில்லாத தட்டையும் ‘சாய்’ என்பது நடுவதையும் குறிக்கும். சீனாவில் தோன்றிய இக்கலை, ஜப்பானில் செழித்து வளர்ந்தது. போன்சாய் மரங்கள் குள்ள இனத்தைச் சேர்ந்தவை அல்ல. கிளைகளையும் வேர்களையும் அவ்வப்போது கத்தரிப்பதால்தான் அவை சிறியவையாக இருக்கின்றன.

அழகிய போன்சாய் மரங்களின் விலையைக் கேட்டதும், இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று பலர் எண்ணிவிடுகின்றனர். உண்மையில், அந்த விலை மரத்துக்கு மட்டும் உரியதன்று. அதை உருவாக்க ஒருவர் செலவிட்ட ஆண்டுகளுக்கும் உரியது. பணம் குறைவாக உள்ளவர், அதற்கு ஈடாகத் தம் காலத்தைக் கொடுக்கலாம். பதின்ம வயதினரிடம் அது நிறையவே உண்டு.

சிங்கப்பூரின் வெப்பமும் மழையும் இக்கலைக்குத் துணைபுரிகின்றன. நடைமேம்பாலங்களின் ஓரங்களில் பூத்துக் குலுங்கும் காகிதப்பூச்செடி, தொடக்கநிலையினருக்கு ஏற்றது. அச்செடி வைத்திருக்கும் அண்டை வீட்டாரிடம் ஒரு தண்டைக் கேட்டுப் பெற்று நட்டாலே போதும். ஆல் இனச் சிறு செடிகளும் செடி விற்பனைத் தோட்டங்களில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். பொதுப் பூங்காக்களிலிருந்து மட்டும் செடிகளைப் பறிக்கக் கூடாது. அது சட்டப்படி குற்றமாகும்.

விலையுயர்ந்த தொட்டியும் கருவிகளும் தொடக்கத்தில் தேவையில்லை. அடியில் துளையிட்ட பழைய நெகிழிப் பெட்டி, நீர் நன்கு வடியும் மண், கூரான கத்தரிக்கோல், சிறிதளவு அலுமினியக் கம்பி ஆகியவை போதும். கம்பியைக் கிளையில் சுற்றி மெல்ல வளைத்தால், கிளை நாளடைவில் அவ்வடிவிலேயே நிலைத்துவிடும். கம்பி பட்டையில் அழுந்தத் தொடங்கும்முன் அதனை வெட்டி எடுத்துவிட வேண்டும்.

இளஞ்செடியை உடனே சிறிய தட்டில் நட்டுவிடப் பலருக்கும் ஆசை எழும். அவ்வாறு செய்தால் வேரின் வளர்ச்சி தடைப்படும். அடிமரமும் எளிதில் தடிக்காது. ஆகவே, முதல் சில ஆண்டுகள் செடியைப் பெரிய தொட்டியில் வளரவிட வேண்டும். பொறுமை தேவைப்படும் கட்டம் இதுவே.

போன்சாய் வெயில் படும் இடத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்குள் இருண்ட மூலையில் வைத்தால் அது வாடிவிடும். மண்ணை நாள்தோறும் தொட்டுப் பார்த்து, காயத் தொடங்கியதும் நீரூற்ற வேண்டும். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு பெருகும் என்பதையும் மறக்கக் கூடாது.

இத்தகைய அன்றாடக் கவனிப்பால் ஒரு மரம் எவ்வளவு காலம் வாழும்? ஜப்பானின் யமாக்கி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் பேணிய ஊசியிலை மரம் ஒன்று, 1625ஆம் ஆண்டிலிருந்து போன்சாயாக வளர்க்கப்பட்டு வருகிறது. 1945ஆம் ஆண்டு ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசப்பட்டபோது, அது சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது. ஆயினும், அது பிழைத்தது. 1976ஆம் ஆண்டு அமெரிக்காவுக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்ட அம்மரம், இன்றும் வாஷிங்டனில் பசுமையாக நிற்கிறது. ஒருவர் தொடங்கிய பணியைப் பலர் தொடர்ந்ததால் வாழும் மரம் அது. ஒரு தண்டை நட்டு அதற்கு நாள்தோறும் நீரூற்றும் மாணவரும் அத்தகைய பணியையே தொடங்குகிறார்.