நிலவு கறுப்பா, வெளுப்பா?

கேள்வி: மாசிமகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருந்தோம். டார்ச் இல்லாமலே மணலில் எதிரே வருபவர் முகம் தெரிந்தது. நிலவுக்குச் சொந்த ஒளி இல்லை என்கிறார்கள். அப்படியானால் இவ்வளவு வெளிச்சம் எப்படி? நிலா என்ன கண்ணாடியா?
– வாசகி, செங்கல்பட்டு

பதில்: கண்ணாடி இல்லை. ஆனால் அன்று உங்கள் எதிரிலேயே ஒரு கண்ணாடி இருந்தது. அது கடல். கன்னியம்மனைக் கும்பிட இருளர் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து தங்கும் அந்தப் பௌர்ணமி இரவில், நிலா ஏறியதும் அடிவானத்திலிருந்து கரைவரை நீண்ட ஒளிப்பாதையைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு அலையின் சரிவும் ஒரு சின்னக் கண்ணாடியாகி, நிலவொளியை நம் கண்ணுக்கு நேரே திருப்பிவிடுகிறது. நீங்கள் நடந்தால் பாதையும் கூடவே நடக்கும். பத்தடி தள்ளி நிற்பவருக்குத் தெரிவது வேறு பாதை.

நிலவும் அப்படி வழவழப்பாக இருந்திருந்தால், சூரியனின் பிம்பம் அதில் ஒரு புள்ளியாக மட்டும் மின்னும். மீதி வட்டம் கறுத்துக் கிடக்கும். அதன் மேற்பரப்போ விண்கற்கள் இடித்து இடித்துப் பொடியாக்கிய தூசி. விழுந்த ஒளியை அந்தத் தூசி எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. அதனால்தான் முழு வட்டமும் தெரிகிறது, உலகில் பாதிப் பேர் ஒரே நேரத்தில் அதைப் பார்க்கவும் முடிகிறது.

இனிச் சொல்வதுதான் பலருக்கு நம்பச் சிரமம். நிலவு வெள்ளையே இல்லை. அதன்மேல் விழும் ஒளியில் 100-க்குச் சுமார் 12 பங்குதான் திரும்பி வருகிறது. வெயிலில் நரைத்துப்போன பழைய தார்ச்சாலையின் நிறம்தான் அதற்கும். பகல் வெயிலில் கிடக்கும் கருங்கல் நிலத்தை, சுற்றிலும் இருட்டாக இருக்கும்போது பார்க்கிறோம். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது வெள்ளி. கணக்குப் பார்த்தால் முழுநிலவைவிடச் சூரியன் சுமார் 4 லட்சம் மடங்கு பிரகாசம்.

இன்னொன்று. அரைநிலா முழுநிலவில் பாதி வெளிச்சம் தருமா? தராது, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தரும். அரைநிலா நாளில் வெயில் அங்கே பக்கவாட்டில் விழுவதால் ஒவ்வொரு மேடும் கல்லும் துகளும் நிழல் போடுகின்றன. பௌர்ணமியன்று சூரியன் நம் முதுகுப்பக்கம். ஒவ்வொரு துகளும் தன் நிழலைத் தனக்குப் பின்னாலேயே மறைத்துக்கொள்கிறது. மாசிமகத்தன்று நீங்கள் கண்ட வெளிச்சத்துக்கு இது பெரிய காரணம்.

மூன்றாம் பிறையன்று அதே மணலில் நின்று, கடலுக்கு முதுகைக் காட்டித் திருக்கழுக்குன்றம் பக்கம் பாருங்கள். பிறைக்குள் மீதி வட்டமும் மங்கலாகத் தெரியும். அது பூமியில் பட்ட வெயில் நிலவுக்குப் போய், அங்கிருந்து திரும்பி வருவது. மேகமும் பனியும் உள்ள நம் பூமி 100-க்குச் சுமார் 30 பங்கு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. நிலவில் நின்று பார்ப்பவருக்கு நாம்தான் பெரிய விளக்கு.

கேள்வி: பாட்டி வடை சுடும் அந்தக் கறுப்புத் திட்டு என்ன? நிலா எப்படி வந்தது?
– மாணவர், மதுராந்தகம்

பதில்: திட்டுகள் உறைந்துபோன எரிமலைக் குழம்பு, அதாவது பசால்ட் பாறை. வெளுத்த மேட்டு நிலங்களில் அனார்த்தோசைட் என்ற வெளிர் பாறை அதிகம். அது நம் ஊரிலும் உண்டு. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் எடுத்த இந்தப் பாறையைப் பொடித்துத்தான், சந்திரயான்-2 சோதனைகளுக்கு இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்தது. ராக்கெட்டைப் பேசுகிற அளவுக்கு நாம் அந்த மண்ணைப் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

அந்த வெளிர் பாறைதான் நிலவின் பிறப்புக்கும் சாட்சி. சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன், ஏறக்குறைய செவ்வாய் அளவிலான ஒரு கோள் பூமிமீது மோதியது, சிதறியவை கூடி நிலவாயின என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். புது நிலா கொதிக்கும் பாறைக்குழம்பாக இருந்தது. கனமான கனிமங்கள் அடியில் தங்க, லேசானவை மிதந்து ஏறி மேலோடாயின. 1969-இல் அப்பல்லோ-11 கொண்டுவந்த மண்ணில் இருந்த அந்தப் பாறையின் வெள்ளைத் துணுக்குகள்தான், மேலோடு மிதந்து உருவானது என்ற யோசனையைக் கிளப்பின. 2023 ஆகஸ்ட் 23 அன்று தென்துருவத்துக்கு அருகே இறங்கிய சந்திரயான்-3-இன் பிரக்யான் வண்டி அளந்த மண்ணும் அதோடு ஒத்துப்போனது.

கேள்வி: மற்ற கோள்களின் நிலாக்களும் இப்படித்தானா?
– வாசகர், கல்பாக்கம்

பதில்: புதனுக்கும் வெள்ளிக்கும் நிலாவே கிடையாது. செவ்வாய்க்கு இரண்டு. சனிக்கு 2025 மார்ச்சில் 128 புதியவை சேர்ந்து 274. வியாழனின் கனிமீட் புதன் கோளைவிடப் பெரியது. 1972-இல் அது ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது, ஜவ்வாது மலையின் காவலூரிலிருந்து பார்த்தவர்கள் அதற்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான தடயம் கண்டார்கள்.

எல்லா நிலாவும் சூரியனின் ஒளியைத்தான் திருப்பித் தருகின்றன. எவ்வளவு என்பது அங்கே உள்ள பொருளைப் பொறுத்தது. சனியின் என்செலடஸ், தன்மேல் விழும் ஒளியில் பெரும்பங்கைத் திருப்பிவிடும். அதன் வெடிப்புகளிலிருந்து பீறிடும் பனித்தூள் அதன் மேலேயே படிந்துகொண்டிருக்கிறது.

சனியின் இயாப்பெட்டஸ் எனக்கு மிகப் பிடித்தது. 1671-இல் அதைக் கண்ட வானியலாளர் காசினிக்கு ஒரு குழப்பம். சனிக்கு மேற்கே வரும்போது தெரிகிற நிலா, கிழக்கே போனதும் காணாமல்போனது. ஒரு பக்கம் வெளுப்பு, மறுபக்கம் கறுப்பு என்று அவர் சரியாகவே ஊகித்தார். கிழக்கே அதைப் பார்க்க இன்னும் நல்ல தொலைநோக்கி வேண்டியிருந்தது. 1705 வரை காத்திருந்து பார்த்தார். ஃபீபி என்ற தொலைவு நிலவிலிருந்து உதிரும் கருந்தூசி, இயாப்பெட்டஸ் ஓடும் திசையில் அதன் முகத்தில் படிந்து வருகிறது.