ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு

புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை என்று நிச்சயமாகி நாளும் குறித்துவிட்டால், வீட்டுப் பெரியவரைக் கட்டிலை விட்டு இறங்கவிடாமல், 'உடம்பை அலட்டிக்கொள்ளாமல் தெம்பைச் சேர்த்து வையுங்கள்' என்று உபசரிப்பதே அன்பின் இலட்சணம் என்று நம் குடும்பங்கள் எண்ணுகின்றன. அந்த அன்பைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அதற்கு ஆதாரமான நம்பிக்கை பிழையானது. தெம்பு என்பது, அள்ளாமல் வைத்தால் குறையாதிருக்கும் பத்தாயத்து நெல்லன்று. ஆரோக்கியமான முதியோர் சிலரைப் பத்தே நாள் படுக்கையில் இருத்திய ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில் (2007), அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைந்துபோயிற்று.

கனடாவின் மான்ட்ரியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழக மருத்துவர்கள், பெருங்குடல் புற்றுநோயாளர் 77 பேரிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, அறுவைக்கு முன் சுமார் 4 வாரம் வீட்டிலிருந்தபடியே நடை, தசைப்பயிற்சி, புரத உணவு, மன அமைதிக்கான அப்பியாசம் ஆகியவற்றைக் கைக்கொண்டவர்களில் 84 விழுக்காட்டினர், அறுவை முடிந்த 8 வாரத்தில் பழைய நடைத்திறனை மீட்டுக்கொண்டார்கள். அதே பயிற்சியைப் பின்னரே தொடங்கியவர்களில் 62 விழுக்காட்டினரே மீண்டார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும், மேல்வயிற்று அறுவைக்குக் காத்திருந்தோருக்கு இயன்முறை மருத்துவர் ஒரே ஒரு முறை, அரை மணி நேரம், மூச்சுப் பயிற்சி கற்பித்ததிலேயே, பின்னால் வரும் நுரையீரல் சிக்கல்கள் பாதியாகக் குறைந்தன (2018).

இத்தகைய முன்பயிற்சியை வீட்டில் செய்யத் துணைநிற்கும் கைபேசிச் செயலி வயதானவர்களுக்கு ஒத்துவராது என்பது இரண்டாவது நம்பிக்கை. எழுத்தைப் பெரிதாக்கி, பேரனோ மகளோ நாலு நாள் பக்கத்திலிருந்து காட்டினால் அந்தச் சிரமம் தீர்ந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கைதான் என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்கிறது: செயலியை இறக்கிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்பது. அடிகளை எண்ணவும், வேளை தவறாமல் நினைவூட்டவும் அது உதவும். ஆனால் காலைத் தேய்த்து மெல்ல நடப்பவரின் அடிகளை அது குறைத்தே எண்ணக்கூடும். நெஞ்சு வலிப்பதையோ தலை சுற்றுவதையோ, சொன்னாலன்றி அறியாது. உடல் மிகவும் தளர்ந்த முதியோரிடம் அதே மான்ட்ரியலில் செய்து 2020இல் வெளியான சோதனையில், முன்பயிற்சியால் அறுவைக்குப் பின் வரும் சிக்கல்கள் குறையவில்லை என்பதையும் மறைக்கலாகாது. ஆகவே அளவை நிர்ணயிக்க வேண்டியவர் மருத்துவரே; சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குப் புரதத்தின் அளவே வேறு.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, அப்பா எவ்வளவு தூரம் நடக்கலாம், எந்த மூச்சுப் பயிற்சி செய்யலாம், என்ன உண்ணலாம் என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அன்று மாலையே அவரோடு நீங்களும் நடக்கத் தொடங்குங்கள்.