அணுகுண்டுக்கும் வயசாகுமா?

எங்க களமருதூர்ப் பக்கம் பம்புசெட் பழசானா வாஷர் மாத்துவோம். அணுகுண்டு பழசானா?

நவீன குண்டுகள் பலவற்றில் டிரிட்டியம் என்னும் வாயு உண்டு. 12.3 ஆண்டில் அது பாதியாகிவிடும். ஏவுகணையின் திட எரிபொருளும் நாளடைவில் கெட்டுப்போகும். எனவே அரசுகள் முடிவெடுத்தே தீரவேண்டும்: புதுப்பிப்பதா, கைவிடுவதா?

பிரிட்டன் நாடாளுமன்றம் 18.7.2016 அன்று 472க்கு 117 வாக்குகளில் புதிய அணு ஆயுத நீர்மூழ்கிகளுக்குச் சம்மதித்தது. மதிப்பீடு 3,100 கோடி பவுண்டு! தென்னாப்பிரிக்காவோ தன் 6 குண்டுகளையும் பிரித்துவிட்டதாக 1993இல் அறிவித்தது. அக்னி-1, அக்னி-2க்கு அடுத்த தலைமுறையான அக்னி-பி ஏவுகணையை நம் நாடு 28.6.2021இல் முதன்முதலாகச் சோதித்தது.

எப்படி மாத்துறதுன்னு பொறியாளர் சொல்லலாம். மாத்தணுமா, அந்தப் பணத்தில் வேறென்ன செய்யலாம்னு மக்கள்தான் கேட்கணும். டிப்ளமோ படிக்கும் நாம் பொறியாளரும்தான், மக்களும்தான். ஆகவே ரெண்டையும் கற்போம் என்பதே என் வேண்டுகோள்.