வெட்டுத்துணியில் ஒரு வீட்டுத் தொழில்

உளுந்தும் பயறும் வீடு சேர்ந்தபின் குறுவை நடவு தொடங்குமளவும், காரைக்கால் வட்டாரத்தில் பெண்களுக்கு வயல்வேலை சுருங்கிவிடுகிறது. தையற்கடைகளிலோ ஆண்டு முழுவதும் வெட்டுத்துணி சேர்கிறது. குப்பையோடு கொட்டப்படும் அத்துணியில் ஒரு பகுதி வாய்க்காலில் இறங்கி மதகில் சிக்குமாயின், கடைமடை வயலுக்கு அது எத்துணை இடையூறு என்பதை நம் விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. இத்துணியைக் கொண்டு, சூடான டம்ளரின் அடியில் வைக்கும் சிறு மெத்தைத்துணி தைக்கும் முறையை இங்கு விளக்குகிறோம்.

வங்காளப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் காந்தாவும், வட கன்னடச் சித்தி மக்களின் கவந்தியும் இவ்வகையினவே. நம் பாட்டிமார் குழந்தைக்குத் தைத்த பழந்துணி மெத்தையும் வேறன்று. திருநள்ளாற்று நளதீர்த்தத்தில் நீராடுவோர் விட்டுச் செல்லும் ஆடைகளை நாம் கருதவில்லை. அவற்றை எவரும் தம் வீட்டினுள் ஏற்கமாட்டார்.

முதல் வேலை துணியைப் பிரித்தல். பருத்தி ஒன்றே இதற்கு ஏற்றது. பாலியெஸ்டர் ஈரத்தை உறிஞ்சாது, மிகுந்த சூட்டில் இளகவும் செய்யும். ஐயமிருப்பின் இரண்டு இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் மணந்து, மென்மையான சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கருமணியாக இறுகும். பருத்தித் துண்டுகளை வெந்நீரில் நனைத்து உலர்த்திய பிறகே வெட்டவேண்டும். இல்லையேல், விற்ற பின்னர் முதல் சலவையிலேயே சுருங்கும், சாயமும் இறங்கும். சிவப்பையும் கருநீலத்தையும் தனித்தே நனைக்க.

மேல்துணிக்கு 3 செ.மீ. அகலமும் 13 செ.மீ. நீளமும் உள்ள 6 கீற்றுகள் தேவை. அரை செ.மீ. விளிம்பு விட்டு இணைத்தால் ஒவ்வோர் இணைப்பிலும் 1 செ.மீ. குறைந்து, 18 செ.மீ. அகலம் 13 ஆகும். புதிதாகத் தைப்போர் பெரும்பாலும் தவறுவது இக்கணக்கில்தான். இணைப்புகளை இஸ்திரியிட்டு, 12 செ.மீ. சதுரமாக வெட்டுக. அதே அளவில் ஓர் அடித்துணியும், உள்ளே வைக்கப் பழைய வேட்டித் துணி 4 மடிப்பும் வேண்டும். பஞ்சுறை எனக் கடையில் விற்கும் செயற்கைப் பஞ்சு வேண்டா.

மேல்துணியும் அடித்துணியும் நல்ல பக்கம் ஒன்றையொன்று நோக்க இருக்கட்டும். அவற்றின்மேல் வேட்டி மடிப்பை வையுங்கள். 5 செ.மீ. வாய் விட்டுச் சுற்றித் தைத்து, மூலை நுனிகளை நறுக்கி, வாய்வழியே புரட்டுக. வாயை மூடி, 2 செ.மீ. இடைவெளியில் ஓட்டுத்தையல் இடுக. முடிவில் 11 செ.மீ. சதுரம் கிடைக்கும். மடிப்பைத் தடிமனாக்கினால் டம்ளர் சாயும். நாங்கள் சொல்லும் 4 மடிப்பே போதும்.

துணி இலவசமாயிற்றே என்று விலையைத் தாழ்த்தலாகாது. முதல் 10 துணிகளைக் கடிகாரம் பார்த்துத் தைத்துக் கணக்கிடுங்கள். ஒரு மணிக்கு 4 துணி முடிகிறது, அவ்வூரில் மணிக்கூலி 60 ரூபாய் என்றால், கூலி மட்டுமே துணிக்கு 15 ரூபாய். நூலும் மின்சாரமும் தனி. டம்ளர் துணியைத் தேடி வாங்குவோர் நம் ஊர்களில் சிலரே; சனிக்கிழமைகளில் திருநள்ளாறு வருவோரிடம் 6 துணிக் கட்டாக விற்றுப் பார்க்கலாம். ஊர்ச்சந்தைக்கோ, இதே முறையில் 20 செ.மீ. சதுரமாக 8 மடிப்பிட்டுத் தைத்த அடுப்படிக் கைப்பிடித்துணியே ஏற்றது. கொம்யூன் பஞ்சாயத்துகள் தையற்கடைகளுக்கு இரண்டு சாக்குகள் அளித்து, பருத்தியை ஒன்றிலும் மற்றதை வேறொன்றிலும் போடச் செய்தால், மகளிர் குழுக்களுக்குப் பிரிக்கும் வேலையில் பாதி குறையும்.