பழைய ஜிப்ஸியின் ஸ்டீயரிங்குக்கு எந்தப் பாகத்தை வாங்குவது?

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் ஒரு கடைக்குள் போய் மாருதி ஜிப்ஸிக்கு டை ராட் எண்ட் (சக்கரங்களைத் திருப்பும் கம்பியின் முனை இணைப்பு) கேட்டால், மேசைமேல் மூன்று நான்கு பெட்டிகள் வந்து உட்காரும். ஒன்றில் வண்டிக் கம்பெனியின் முத்திரை இருக்கும், இன்னொன்றில் பாகம் செய்யும் நிறுவனத்தின் பெயர், மூன்றாவதில் யாரும் கேள்விப்படாத ஒரு பெயர். கேட்டால் எல்லாமே செட் ஆகும் என்பார்கள். வாங்க வந்தவர் விலையையும் பெயரையும் ஒப்பிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போவார். இந்த இரண்டையும்விட முதலில் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஸ்டீயரிங்கில் போடும் பாகம் தானாகப் பொருந்த வேண்டும். அரம் போட்டோ, வாஷர் வைத்தோ, சுத்தியலால் தட்டியோ பொருந்தவைக்க வேண்டியிருந்தால், அது எந்தப் பெட்டியிலிருந்து வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பம்பரிலும் மட்கார்டிலும் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கிப் போல்ட் மாட்டலாம், வண்டி ஓடும். ஸ்டீயரிங்கில் அதே வேலையைச் செய்தால் சக்கரம் ஒரு பக்கமும் ஓட்டுபவரின் கை ஒரு பக்கமும் போகும் நாள் வரும்.

காரணம் அந்த இணைப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. டை ராட் எண்டின் தண்டு நேர் உருளை கிடையாது, கூம்பு. சக்கரத்தோடு திரும்பும் நக்கிள் ஆர்மில் அது இறங்கும் துளையும் கூம்புதான். நட்டை முறுக்கும்போது ஒரு கூம்பு இன்னொன்றுக்குள் இறுகி, இரண்டும் ஒரே இரும்புபோலப் பிடித்துக்கொள்ளும். சுமையைத் தாங்குவது அந்தப் பிடிப்புதான், நட்டின் வேலை அதைக் காப்பது மட்டும். இதுபோன்ற பல பால் ஜாயின்டுகளில் 8 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. என்ற கணக்கில் விட்டம் குறைகிறது. ஆகவே தண்டின் விட்டம் கால் மி.மீ. குறைந்துபோனாலும் அது 2 மி.மீ. ஆழம் அதிகமாக இறங்கிவிடும். அப்போது நுனியில் இருக்கும் ஸ்பிளிட் பின் துளையைப் பாருங்கள். சரியான பாகத்தில், நட்டை உரிய அளவு முறுக்கியதும் துளை காஸில் நட்டின் வெட்டுக்கு நேராக வரும். ஆழமாக இறங்கிய தண்டில் துளை நட்டுக்கு மேலே ஏறி நிற்கும். அதில் பின்னைச் செருகினால் அது நட்டைத் தொடாமல் சும்மா தொங்கும். மெக்கானிக் அங்கே ஒரு வாஷரைப் போட்டு உயரத்தைச் சரிசெய்வார், பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். ஆனால் கூம்பின் கோணமே வேறாக இருந்தால், தண்டு ஒரு விளிம்பில் மட்டும் உட்கார்ந்திருப்பதை அந்த வாஷர் மறைத்துவிடும். இதைக் கண்டுபிடிக்கச் செலவே கிடையாது: தண்டில் மெல்லியதாக மார்க்கிங் நீலத்தைப் பூசி, துளையில் இறக்கி அழுத்தி, வெளியே எடுத்துப் பாருங்கள். நீலம் பெரும்பகுதியில் பரவி அழிந்திருந்தால் பாகம் சரி. ஒரே வளையமாக அழிந்திருந்தால் வேண்டாம்.

பொருந்தாத பாகம் என்றதும் போலிப் பாகம்தான் நினைவுக்கு வரும். பாதி நேரம் பிரச்சினை அதற்கும் முன்பே, எந்த வண்டிக்கு வாங்குகிறோம் என்பதிலேயே தொடங்கிவிடுகிறது. மாருதி ஜிப்ஸி 1985-இல் வந்தது. 1993-இல் முன்னாலும் பின்னாலும் இடவலச் சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தை 90 மி.மீ. கூட்டினார்கள்: முன்னால் 1,210 மி.மீ. இருந்தது 1,300 ஆயிற்று. பெயரும் உருவமும் ஏறக்குறைய அதேதான், அச்சு வேறு. மஹிந்திரா தாரிலும் இதே சிக்கல் உண்டு. 2010-இல் வந்த தாரில் சி.ஆர்.டி.இ. வகைக்கு முன்பக்கம் டார்ஷன் பார் கொண்ட தனித்தனி சஸ்பென்ஷன், டி.ஐ. வகைக்கு லீஃப் ஸ்பிரிங்மேல் ஒரே அச்சு. 2020-இல் வந்த தார் இவை இரண்டிலும் சேராது. எனவே கடையில் வண்டியின் பெயரைச் சொல்வது போதாது. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் ஆண்டும் போதாது, ஏனென்றால் பழைய ஜிப்ஸியில் பிற்கால அச்சை மாற்றிப் போட்டிருக்கலாம். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய், மரையின் திசை (ஒரு முனை வலம், மறுமுனை இடம்), மரையின் நீளம், தண்டின் இரு முனை விட்டம் ஆகியவற்றை வெர்னியரால் அளந்து பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இனி எதை எங்கே வாங்குவது என்ற கேள்வி. எல்லாப் பாகத்துக்கும் ஒரே விடை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தேயும் பாகம், தேயாத பாகம் என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் பெருமளவு தீரும். டை ராட் எண்ட், டிராப் ஆர்மை அச்சோடு இணைக்கும் டிராக் லிங்க்கின் பால் ஜாயின்ட் ஆகியவை தேய்பவை. பழையதைத் தொடவே கூடாது, புதிதுதான். வண்டிக் கம்பெனிகளுக்கு ஸ்டீயரிங் பாகம் செய்து கொடுக்கும் சென்னை ரானே (மெட்ராஸ்) போன்ற நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெட்டியிலும் விற்கின்றன. உங்கள் வண்டிக்கான எண் அதில் கிடைத்தால், கம்பெனி முத்திரைக்காக அதிகம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. கிங் பின் பேரிங்கிலும் ஆயில் சீலிலும் வெளிச்சந்தையைத் தயங்காமல் நம்பலாம். பேரிங்கின் மேல் பொறித்த எண்ணுக்கு உலகெங்கும் ஒரே அளவு. அதே எண்ணில் எஸ்.கே.எஃப், டிம்கென் போன்ற பெயருள்ள எதை வாங்கினாலும் பொருந்தும், பெட்டி மட்டும் உண்மையானதாக இருக்க வேண்டும். ஸ்டீயரிங் பாக்ஸின் தண்டில் மாட்டும் டிராப் ஆர்ம், நக்கிள், பாக்ஸின் கூடு ஆகியவை வேறு ரகம். இவை சாதாரணமாகத் தேய்வதில்லை. ஜிப்ஸியின் உற்பத்தி நின்றுபோன நிலையில், இவற்றைப் பெயர் தெரியாத ஒருவரிடம் புதிதாக வாங்குவதைவிட, சிவாஜி நகர் காயலான் கடையில் கம்பெனியோடு வந்த பழையதை எடுப்பதே மேல். புதிய லோக்கல் டிராப் ஆர்மில் உள்பற்கள் கொஞ்சம் தளர்வாக வெட்டப்பட்டிருந்தால், எவ்வளவு முறுக்கினாலும் அது ஆடும், ஆட ஆடப் பாக்ஸ் தண்டின் பற்களையும் தின்றுவிடும். தண்டு போனால் பாக்ஸே போயிற்று. பழையதை வாங்கும்போது ஒரே ஒரு நிபந்தனை: வெல்டிங் அடையாளமோ, சூடாக்கி வளைத்த நீலக் கறையோ இருந்தால் வேண்டாம். விரிசல் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், சாயம் ஊற்றிப் பார்க்கும் சோதனையைப் பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் செய்துகொள்ளலாம்.

பொருந்தாத பாகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னால் மெக்கானிக்குகள் சொல்லும் முதல் பதில், “ஓட ஓட செட் ஆயிடும்.” பிரேக் லைனிங்குக்கும் இன்ஜின் ரிங்குக்கும் அது உண்மை, ஏனென்றால் அவை உராய்ந்து பழகுவதற்கென்றே செய்யப்பட்டவை. கூம்பு இணைப்பு உராயவே கூடாது. உராய்ந்தால் துளை பெரிதாகும், இறுக்கம் குறையும், அதன்பின் கம்பெனி பாகத்தையே போட்டாலும் அந்தத் துளையில் நிற்காது. மலிவான ஒரு பாகம் நக்கிளையும் சேர்த்துக் கெடுப்பது இப்படித்தான். விலை கட்டுப்படியாகாது என்பது அடுத்த பதில், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மடிக்கேரிப் பக்கம் மாந்தல்பட்டிக்கு ஜீப் ஓட்டிப் பிழைப்பவருக்கு ஒவ்வொரு நூறு ரூபாயும் கணக்குதான். ஆனால் அவர் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் பேரிங், சீல், காயலான் கடை டிராப் ஆர்ம். பால் ஜாயின்டில் மிச்சம் பிடித்தால் சில மாதத்திலேயே இரண்டாவது முறை கழற்றி மாட்டும் கூலி சேர்ந்துவிடும், அலைன்மென்ட் செலவும் சேரும்.

கம்பெனி பாகம் பெரிய டயருக்குத் தாங்காது, ஹெவி டியூட்டி வேண்டும் என்பவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. பாறையில் முட்டி வளையும் டை ராடுக்குத் தடித்த குழாய் நல்லதுதான். ஆனால் தடிமனும் பொருத்தமும் வேறு வேறு. இரு முன்சக்கரங்களுக்கும் ஒரே அச்சுள்ள வண்டியில் டை ராடின் இரு முனையும் அதே அச்சில்தான் இருக்கின்றன, அச்சு ஏறி இறங்கினாலும் அவை சேர்ந்தே நகரும். டிராக் லிங்க் அப்படி இல்லை. அதன் ஒரு முனை சேசிஸோடு நிற்கும் டிராப் ஆர்மில், மறுமுனை தாவிக் குதிக்கும் அச்சில். பெரிய டயருக்காக வண்டியை உயர்த்தியபின் டிராக் லிங்க்கின் சாய்வு கூடும், பால் ஜாயின்ட் எல்லைவரை சாய்ந்து கழுத்தில் முட்டும், ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். இந்தச் சாய்வைச் சரிசெய்யாமல் ஸ்டீயரிங் டேம்பரை மாட்டி நடுக்கத்தை அடக்குவது, பொருந்தாத பாகத்தை இன்னொரு பாகத்தால் மூடுவதுதான். உயர்த்துவதற்கு முன் சட்டத்தையும் யோசிக்க வேண்டும்: உற்பத்தியாளர் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 98-ஆவது விதி ஸ்டீயரிங் வளையத்தில் 30 பாகைக்கு மேல் பிளே இருக்கக் கூடாது என்கிறது. 38 செ.மீ. வளையத்தில் அது ஏறத்தாழ 10 செ.மீ. நீளம், மலைப்பாதையில் அவ்வளவை யாரும் ஏற்க மாட்டார்கள். அதே விதியின் அடுத்த பகுதிதான் பட்டறையில் உதவும்: பால் ஜாயின்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்டும் பின்னும் கழலாதபடி பூட்டியிருக்க வேண்டும். ஆழமாக இறங்கிய தண்டில் ரப்பர் நசுங்கிக் கிழியும், மேலே நின்றுவிட்ட தண்டில் இடைவெளி வழியே சேறு போகும். வேலை முடிந்ததும் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை இரு கோடிவரை திருப்பி, ரப்பர் எங்காவது நசுங்குகிறதா, டிராக் லிங்க் எதிலாவது உரசுகிறதா என்று பாருங்கள். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவர் வளையத்தைச் சிறிதாக இடவலம் ஆட்ட, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பிலும் விரலை வைத்துப் பார்க்கட்டும். முதல் சேற்றுப் பயணம் முடிந்து கழுவியதும் இதே சோதனையை மறுபடி செய்து, ஒவ்வொரு ஸ்பிளிட் பின்னும் நட்டின் வெட்டுக்குள் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.