வேலையும் படிப்பும்

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கப்பட்டது. ஜார்ஜ்டவுனிலிருந்து நாள்தோறும் அங்கு வேலைக்குச் சென்று வருவோர் பலர். அவர்களுள் வணிக நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் பெற விரும்புவோரும் உண்டு. உலகின் பல வணிகக் கல்லூரிகள் ஜிமேட் நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை ஏற்கின்றன.

இத்தேர்வில் கணிதம், மொழித்திறன், தரவு ஆய்வு என மூன்று பகுதிகள் உள்ளன. ஒவ்வொரு பகுதிக்கும் 45 நிமிடம். மொத்தம் 64 வினாக்கள். கணிதப் பகுதியில் கணிப்பானைப் பயன்படுத்த முடியாது. எனவே, கையால் விரைந்து கணக்கிடும் பயிற்சியும் தேவை.

தினமும் மூன்று மணி நேரம் படிப்பதாக அட்டவணை போடுவது எளிது. ஆனால், கூடுதல் நேர வேலையும் சாலை நெரிசலும் சேர்ந்தால் மூன்றாம் நாளே அது குலைந்துவிடும். மாறாக, வேலை நாள்களில் நான்கு நாள் ஒரு மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரமும் ஒதுக்கலாம். வாரத்திற்கு 7 மணி நேரம் எனில், 16 வாரங்களில் 112 மணி நேரம் சேரும். எஞ்சிய இரண்டு நாள்கள் ஓய்வுக்கும் விடுபட்டதை ஈடுசெய்யவும் உதவும்.

முதல் வாரத்திலேயே ஒரு முழு மாதிரித் தேர்வை எழுதிப் பார்ப்பது நன்று. எந்தப் பகுதியில் தடுமாற்றம் என்பது அப்போது தெரியும். அப்பகுதிக்கே கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். தவறிய வினாக்களைக் காரணத்துடன் குறிப்பேட்டில் எழுதி, ஞாயிறுதோறும் அவற்றை மீண்டும் செய்து பார்க்க வேண்டும்.

எஸ்.பி.எம். தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவர்களுக்கும் இம்முறை பொருந்தும். களைத்துப்போன நாளிலும் செய்து முடிக்கக்கூடியதே நல்ல திட்டம்.