சிங்க்கின் அடியில் இருக்கும் வால்வை மாற்ற...

உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் சிங்க்குக்கு அடியில் உள்ள ஆங்கிள் வால்வு சில வருடங்களிலேயே இறுகிவிடும். இறுகிய பிடியைக் குறடு போட்டு முறுக்கினால் சுவருக்குள் மரை உடையலாம். அப்புறம் டைல்ஸையே உடைக்க வேண்டி வரலாம். மாற்றிவிடுவதே மேல்.

மாடித் தொட்டியிலிருந்து வரும் கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிய விடுங்கள். கீழே ஒரு வாளி அவசியம். பெரும்பாலும் அரை அங்குல (15 மி.மீ.) அளவுதான். என்றாலும் பழையதைக் கழற்றிக் கடைக்கே கொண்டுபோவது நல்லது. பித்தளை வாங்குங்கள், விலை குறைந்த கலப்பு உலோகம் சீக்கிரம் அரிக்கும்.

டெஃப்லான் டேப் சுற்றும் திசையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போதே பிரிந்துவிடும். கையால் இறுக்கிய பிறகு ஸ்பேனரால் கொஞ்சமாக முடுக்குங்கள். சிபிவிசி பைப் என்றால் கூடுதல் கவனம்: பலம் காட்டினால் எல்போ விரிசல் விடும்.

இணைப்புக் குழாயின் நட்டுக்கு டேப் வேண்டாம், உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரே போதும். தண்ணீரைத் திறந்ததும் அடியில் செய்தித்தாள் விரித்து வையுங்கள். சிறு கசிவும் அதில் தெரிந்துவிடும்.